சர்வர் இமேஜ் நகரவே மாட்டேன் என்கிறதா? முதலில் வேகத்தின் எண்ணைப் பாருங்கள்

போன மாம்பழ சீசன் தொடக்கத்தில், கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஆலையில் வேலை. ஆபீஸில் ஒரு சர்வர், கேட்டை ஒட்டிய எடைமேடை அறையில் இன்னொன்று. எடைமேடை சர்வர் படுத்துவிட்டது. புதுப் பெட்டி வாங்கியாயிற்று. ஆபீஸ் சர்வரில் இருக்கும் 60 ஜிபி ஓஎஸ் இமேஜை (ஆபரேட்டிங் சிஸ்டம் முழுவதையும் ஒரே ஃபைலாக்கிய நகலை) அதற்குள் கொண்டுபோய்ப் போட வேண்டும், அவ்வளவுதான். இரண்டு பக்கமும் ஜிகாபிட் கார்டு, நடுவில் ஜிகாபிட் ஸ்விட்ச். பத்து நிமிடத்தில் முடியும் என்று டீ சொல்லிவிட்டு உட்கார்ந்தால், மீதி நேரம் ஒன்றரை மணி என்று காட்டுகிறது. வெளியே பெங்களூரா மாங்காய் லோடுகள் வரிசை கட்டுகின்றன. "என்ன தம்பி, இன்னுமா ஓடுது?" என்று எடைமேடைக்காரர் இரண்டு தடவை எட்டிப் பார்த்துவிட்டார்.

இந்த மாதிரி நேரத்தில் பலர் சர்வரை ரீஸ்டார்ட் செய்வார்கள், ஸ்விட்சைப் பிடுங்கிச் சொருகுவார்கள். அதையெல்லாம் விடுங்கள். நான் பார்க்கும் வரிசை இது.

படி 1: வேகம் என்ன எண்ணில் நிற்கிறது?

நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், காப்பி ஆகும் வேகத்தை மெகாபைட்டில் காட்டும். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஆக 1000 மெகாபிட் லைனில் கணக்குப்படி 125 மெகாபைட். மேல்செலவு போக நடைமுறையில் வினாடிக்கு 110 முதல் 118 வரை வரும். 100 மெகாபிட் லைனில் 11 அல்லது 12.

எனக்கு அன்றைக்கு 11.2 என்று ஆடாமல் அசையாமல் நின்றது. ஹார்ட் டிஸ்க் திணறினால் எண் ஏறி இறங்கும். இப்படி 11-இல் ஆணி அடித்த மாதிரி நின்றால், லைன் எங்கோ 100-க்கு இறங்கிவிட்டது என்று சந்தேகப்படுங்கள்.

படி 2: லைன் எந்த வேகத்தில் இணைந்திருக்கிறது?

லினக்ஸில் ஈத்டூல் கட்டளையோடு நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுங்கள். ஸ்பீட் என்ற வரியில் 1000 இருக்க வேண்டும், டூப்ளெக்ஸ் வரியில் ஃபுல் (ஒரே நேரத்தில் இரண்டு திசையிலும் தகவல் போகும் என்று அர்த்தம்) இருக்க வேண்டும். விண்டோஸில் அடாப்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்திலேயே தெரியும். இரண்டு சர்வரிலும் பாருங்கள். எனக்கு ஆபீஸில் 1000, எடைமேடையில் 100.

காரணம் கேபிளுக்குள் இருந்தது. 100 மெகாபிட்டுக்கு எட்டுக் கம்பியில் நான்கே போதும்: 1, 2, 3, 6. ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும், பல கார்டுகள் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கி ஓடிக்கொண்டிருக்கும். லைட் எரியும், இன்டர்நெட் வரும், யாருக்கும் சந்தேகமே வராது. நான் கழற்றிய பிளக்கை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், பழுப்புக் கம்பி கடைசி வரை போகாமல் பிளக்கின் உலோகப் பல்லுக்கு ஒரு நூல் முன்னாலேயே நின்றிருந்தது. வெட்டிவிட்டு, புதுப் பிளக்கை அழுத்திப் பொருத்தி மறுபடி கிரிம்ப் செய்ததும் 1000 வந்துவிட்டது.

இங்கே ஒரு எச்சரிக்கை. கேபிளைப் பார்க்காமல், செட்டிங்கில் போய் வேகத்தைக் கையால் பூட்டாதீர்கள். செம்புக் கேபிளில் ஜிகாபிட் இணைவதே ஆட்டோ பேச்சுவார்த்தையால்தான், அதாவது இரண்டு முனையும் தாமே பேசி வேகத்தை முடிவு செய்வதால்தான். ஒரு பக்கம் 100 ஃபுல் என்று பூட்டி, மறுபக்கம் ஆட்டோவில் விட்டால், அந்த மறுபக்கம் ஹாஃப் டூப்ளெக்ஸுக்கு (ஒரு நேரத்தில் ஒரு திசை மட்டும்) போய்விடும். அப்புறம் 11 கூட வராது.

கேபிள் வாங்கும்போது முழுச் செம்பா என்று கேளுங்கள். அலுமினியத்தில் செம்பு முலாம் பூசியது மலிவாகக் கிடைக்கும். தூரம் கூடக்கூடத் தொல்லை கூடும். செம்பே ஆனாலும் ஒரே இழுப்பில் 100 மீட்டரைத் தாண்டக்கூடாது.

படி 3: டிஸ்க்கை ஒதுக்கிவிட்டு லைனை மட்டும் அளந்து பாருங்கள்

ஐபெர்ஃப்3 என்ற கட்டளை இதற்கென்றே இருக்கிறது. ஒரு சர்வரில் மைனஸ் எஸ் போட்டுக் காத்திருக்க விடுங்கள். மற்றதில் மைனஸ் சி போட்டு முதல் சர்வரின் ஐபியைக் கொடுங்கள். ஃபயர்வாலில் 5201 போர்ட் திறந்திருக்க வேண்டும். 940 மெகாபிட் பக்கம் வந்தால் லைன் சுத்தம். மைனஸ் பெரிய ஆர் சேர்த்து எதிர்த்திசையிலும் ஓட்டுங்கள். ஒரு திசையில் மட்டும் அடிவாங்கும் லைன்களும் உண்டு.

படி 4: லைன் சரி, இன்னும் மெதுவா? டிஸ்க்

முதல் சில ஜிபி பறந்து போய், அப்புறம் சட்டென்று படுத்தால், எழுதும் பக்கத்து டிஸ்க்தான். ஆரம்பத்தில் தகவல் மெமரியில் போய் விழுகிறது. அது நிரம்பிய பிறகுதான் டிஸ்க்கின் உண்மையான வேகம் வெளியே வரும். மலிவு எஸ்எஸ்டிகளிலும் இதே கதை. டிஸ்க் எவ்வளவு வேலையாக இருக்கிறது என்று காட்டும் ஐஓஸ்டாட் கட்டளையை மைனஸ் எக்ஸ் போட்டு ஓட்டி, டிஸ்க் நூறு சதவீதத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். பேக்கப் ஓடிக்கொண்டிருக்கலாம், ரெய்டு ரீபில்டு (பல டிஸ்க் சேர்ந்த தொகுப்பில், மாற்றிய டிஸ்க்கில் தகவலை மறுபடி நிரப்புவது) ஆகிக்கொண்டிருக்கலாம்.

படி 5: அனுப்பும் முறை

ஏற்கெனவே சுருக்கிய இமேஜை, ஃபைல் நகலெடுக்கும் ஆர்சிங்க் கட்டளையில் மைனஸ் இசட் (சுருக்கி அனுப்பு) போட்டு அனுப்பாதீர்கள். சுருங்கியதை மறுபடி சுருக்கப் பார்த்து சிபியு மூச்சு வாங்கும். மைனஸ் பெரிய பி போடுங்கள். நடுவில் இணைப்பு அறுந்தாலும் வந்தவரை தங்கும், முன்னேற்றமும் தெரியும்.

200 ஜிபி என்று பெயர், உள்ளே 35 ஜிபிதான் சரக்கு என்றால் கவனம். ஆர்சிங்கின் பெரிய எஸ், போய்ச் சேரும் இடத்தில்தான் இடத்தை மிச்சப்படுத்தும். காலி இடத்தில் இருக்கும் வெறும் சுழியங்களும் லைன் வழியாகத்தான் போகும். அதற்குப் பதில் கியூஎமு-இம்ஜ் கன்வெர்ட் கட்டளை மூலம், காலி இடத்தை விட்டுவிட்டுச் சேமிக்கும் கியூகவ்2 வடிவத்துக்கு ஆக்கிவிட்டு அனுப்புங்கள்.

பிஎக்ஸ்இ வழியாக (அதாவது நெட்வொர்க்கிலிருந்தே) பூட் செய்து இமேஜ் இறக்குபவர்களுக்குப் பிரச்சினை வேறு. அதில் ஃபைல் அனுப்பும் முறையான டிஎஃப்டிபி இயல்பாக 512 பைட் அனுப்பும், பதில் வரக் காத்திருக்கும், அடுத்த 512 அனுப்பும். அதில் பூட் லோடரை மட்டும் விட்டு, பெரிய ஃபைலை எச்டிடிபிக்கு மாற்றுங்கள்.

படி 6: ஒப்பிடுங்கள்

வந்து சேர்ந்ததும் அவசரப்பட்டு பூட் செய்யாதீர்கள். ஃபைலுக்குக் கைரேகை மாதிரி ஒரு எழுத்து வரிசை தரும் ஷா256சம் கட்டளையை இரண்டு பக்கமும் ஓட்டி, எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். அன்றைக்கு இரண்டாவது முயற்சியில் காப்பி ஒன்பது நிமிடத்தில் முடிந்தது, இந்தச் சரிபார்ப்புக்கு இன்னும் சில நிமிடம். எடைமேடைக்காரர் மூன்றாவது தடவை வந்தபோது லாகின் திரை வந்திருந்தது. சொல்லியிருந்த டீதான் ஆறிப்போயிருந்தது.