கெட்டிஸ்பர்க்கில் எண் வரிசையை விடாதீர்கள்
அமெரிக்க உள்நாட்டுப் போரின் பெரிய சண்டை நடந்த கெட்டிஸ்பர்க் போர்க்களத்துக்குக் குடும்பத்தோடு காரில் போகிறீர்களா? அமெரிக்கத் தேசியப் பூங்காச் சேவையின் செயலியில் அந்தப் பூங்காவை வீட்டிலேயே தரவிறக்கிக்கொண்டு, கார் சுற்றுப்பாதையில் எண்ணிட்ட இடங்களை ஒன்றாம் எண்ணிலிருந்து வரிசையாகப் பாருங்கள். 1863 ஜூலை 1 முதல் 3 வரை சண்டை நகர்ந்த வரிசையை ஒட்டியே அந்த எண்கள் போகின்றன. இல்லாவிட்டால் குழந்தைகளுக்குத் தெரிவது புல்லும் பீரங்கியும்தான். பல சாலைகள் ஒருவழிப்பாதை, ஓர் இடத்தைத் தவறவிட்டால் பெரிய சுற்றுச் சுற்ற வேண்டிவரும். களத்தைப் பார்க்கக் கட்டணமில்லை, அருங்காட்சியகத்துக்குத்தான் டிக்கெட்.

உரிமம் பெற்ற வழிகாட்டியை அமர்த்தினால் இதெதுவும் வேண்டாம்; அவரே உங்கள் காரில் ஏறிக்கொள்வார். ஒரு மணி நேரமே இருப்பவர்கள் வரிசையை மறந்துவிட்டு நேரே லிட்டில் ரவுண்ட் டாப் குன்றுக்குப் போகலாம்.