பழைய சென்டையும் புது சென்டையும் பக்கத்தில் வைத்து மோந்து பார்ப்பது எப்படி

புதுச்சேரியில் பல வீடுகளில் பீரோவைத் திறந்தால் ஒரு பிரெஞ்சு சென்ட் பாட்டில் நிற்கும். சொல்தா குடும்பம், அதாவது பிரெஞ்சுப் படையில் வேலை பார்த்தவர் குடும்பம் என்றால் கேட்கவே வேண்டாம். ஜூலை, ஆகஸ்ட் லீவுக்குப் பாரீஸிலிருந்து வந்த பெரியப்பாவோ அத்தையோ கொடுத்தது, பாதி தீர்ந்திருக்கும், கல்யாணம் காட்சிக்கு மட்டும் வெளியே வரும். அது காலியானதும் அதே பேரில் புதுசு வாங்குகிறோம், ஒரு தடவை அடித்துப் பார்த்ததுமே "பழசு மாதிரி இல்லையே, தண்ணி கலந்துட்டான்" என்கிறோம். சில நேரம் அது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் அந்த ஒப்பீடே சரிசமமாக நடந்திருக்காது. ஒழுங்காகப் பார்க்க ஒரு முறை இருக்கிறது, அதைத்தான் சொல்லப் போகிறேன். உதாரணத்துக்கு டியோர் என்ற பிரெஞ்சுக் கம்பெனியின் ஓ சொவாஜை எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் நம்ம ஊர் பீரோக்களில் அது நிறைய உண்டு.

முதலில் கையில் இருப்பது எதனுடைய புது வடிவம் என்று தெரிய வேண்டும். ஓ சொவாஜ் 1966-இல் எட்மோன் ருட்னிட்ஸ்கா செய்தது. எலுமிச்சை, பெர்கமோட் என்ற எலுமிச்சை இனப் பழம், மூலிகை, அடியில் பாசி வாசம். 2015-இல் பிரான்சுவா தெமாஷி செய்த சொவாஜ் வேறு சென்ட், பேரில்தான் சொந்தம். கடையில் 'சொவாஜ்' என்று கேட்டு வாங்கி வந்து, அப்பா போட்டது போல இல்லை என்று வருத்தப்படுவதில் அர்த்தமே இல்லை. அந்த 2015 சொவாஜிலேயே 2018-இல் ஓ டி பர்ஃபம், 2019-இல் பர்ஃபம், 2021-இல் எலிக்ஸிர் என்று அடர்த்தி கூடிய வகைகள் வரிசையாக வந்தன. இவை ஒரே கரைசலைக் கெட்டியாக்கியவை இல்லை, ஒவ்வொன்றுக்கும் கலவையே வேறு. ஆகவே மெலிதான வகையான ஓ டி டாய்லெட்டை ஓ டி டாய்லெட்டோடுதான் வைத்துப் பார்க்க வேண்டும். பேரும் வகையும் அப்படியே இருந்து உள்ளே மட்டும் மாறியிருக்கிறதா என்பதுதான் கஷ்டமான கேள்வி, அதை எந்தக் கம்பெனியும் பெட்டியில் எழுதுவதில்லை.

உள்ளே ஏன் மாற்றுகிறார்கள் என்றால், செலவைக் குறைக்க மட்டும் இல்லை. சென்ட் தொழிலுக்கு இஃப்ரா என்று 1973-இல் தொடங்கிய ஓர் அமைப்பு இருக்கிறது, தோலில் அலர்ஜி உண்டாக்கும் பொருள்களுக்கு அது அளவு வைக்கிறது. ஐரோப்பியச் சட்டம் அதையும் தாண்டிப் போய் சிலவற்றைத் தடையே செய்துவிட்டது. ஓக் மரப்பட்டையில் வளரும் ஒரு வகைப் பாசியின் சாறு பழைய சென்ட்களுக்கு அடித்தளம் மாதிரி. அதில் இயற்கையாகவே இருக்கும் அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டும் 2021 ஆகஸ்டுக்குப் பிறகு ஐரோப்பியக் கடைகளில் விற்கும் சரக்கில் இருக்கக் கூடாது. லைரல் என்ற செயற்கைப் பூ வாசனைக்கும் அதே தேதி. லிலியல் என்ற இன்னொரு செயற்கைப் பூ வாசனை 2022 மார்ச் 1-இலிருந்து கிடையாது. இன்று போடுவது அட்ரனால், குளோரோஅட்ரனால் இரண்டையும் நீக்கிச் சுத்தப்படுத்திய பாசிச் சாறு, அது கொஞ்சம் மெலிதாகத்தான் இருக்கும். அதனால் பாசியை நம்பிச் செய்த 1960-களின் சென்ட் எதையும் அச்சு அசல் அதே கலவையில் இன்று கடையில் எதிர்பார்க்க முடியாது. இதைத் தெரிந்துகொண்டால் எந்த இடத்தில் வித்தியாசம் தேட வேண்டும் என்பது புரியும். மேலே அடிக்கும் எலுமிச்சையில் தேடுவது வீண், அடியில்தான் தேட வேண்டும்.

அந்தப் பாசி வாசம் எப்படி இருக்கும் என்று கேட்டால், நம்மிடம் அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. பெரிய மார்க்கெட் மளிகைக் கடையில் கல்பாசி வாங்குங்கள், செட்டிநாட்டுக் குழம்புக்குப் போடுவோமே, அதுதான். ஓக் பாசியும் கல்பாசியும் ஒரே குடும்பத்து உயிர்கள். வெறும் வாணலியில் ஒரு சிட்டிகை போட்டு லேசாகச் சூடு காட்டினால், முதலில் ஒன்றுமே தெரியாது. பிறகு மழைவிட்ட மரப்பட்டை போல ஒரு வாசம் எழும்பும், கொஞ்சம் ஈரம், கொஞ்சம் மண், ஓரத்தில் லேசான கசப்பு, எழுந்தது சட்டென்று போகாமல் நாசியிலேயே தங்கும். கருகவிட்டுவிடாதீர்கள், கருகினால் வெறும் புகைதான் வரும். இதை நாலு நாள் விட்டு விட்டு மோந்து மனதில் பதித்துக்கொள்ளுங்கள். அதற்கு அப்புறம் பழைய ஓ சொவாஜை அடித்து ஒரு மணி நேரம் கழித்து மோந்தால், எலுமிச்சைக்குக் கீழே இந்த வாசத்தின் சாயல் தானாகத் தெரியும். புதுசில் அது எவ்வளவு இருக்கிறது என்பதுதான் உங்கள் ஒப்பீட்டின் உயிர்நாடி.

சரி, பெட்டியைப் படிப்போம். அடியில் சின்ன எழுத்தில் இருக்கும் பொருள் பட்டியல் ஒரு நல்ல நாள்காட்டி. லிமோனீன், லினலூல், சிட்ரால் என்று வாசனைப் பொருள்களைப் பேர் பேராகப் போடும் வழக்கம் ஐரோப்பாவில் 2005-இல்தான் கட்டாயமானது. வெறுமனே 'பர்ஃபம்' என்று மட்டும் போட்டிருந்தால் பாட்டில் அதற்கு முந்தியதாக இருக்கலாம். பியூட்டைல்பெனைல் மெத்தில்புரொப்பியோனல் என்று நீளமாக ஒரு பேர் இருந்தால், அதுதான் லிலியல், தடைக்கு முன்னால் செய்த சரக்கு. எவர்னியா புருனாஸ்ட்ரி என்பது நம்முடைய ஓக் பாசி. பழைய பெட்டியில் அது இருந்து புதுப் பெட்டியில் காணாமல் போயிருந்தால், மோந்து பார்க்கும் முன்பே பாதி விடை கிடைத்துவிட்டது. பேட்ச் நம்பரையும் பாருங்கள், பெட்டியின் அடியிலும் பாட்டிலின் அடியிலும் ஒரே நம்பர் இருக்க வேண்டும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் அந்தப் பாட்டிலை வைத்து எந்தத் தீர்ப்பும் சொல்லாதீர்கள், டூப்ளிகேட்டாக இருக்க வாய்ப்பு உண்டு.

அடுத்தது பழைய பாட்டிலின் உடம்பு எப்படி இருக்கிறது என்பது. இதைப் பலரும் கணக்கில் எடுப்பதே இல்லை. நம்ம ஊர் வெயிலில், கரண்ட் போனால் அடுப்பு போலக் கொதிக்கும் அறையில் பல வருஷம் இருந்த சென்ட் அது. எலுமிச்சை, பெர்கமோட் எல்லாம் முதலில் கெட்டுப்போகும் சரக்கு, காற்றும் சூடும் பட்டால் நெயில் பாலிஷ் வாடை மாதிரி வரும். வெனிலா அதிகமுள்ள ஷலிமார் போன்றவை நிறம் கறுக்கும். 1925-லிருந்து விற்கிற சென்ட் அது, அதன் பழைய பாட்டில் தேன் நிறத்தைத் தாண்டியிருந்தால் பதற வேண்டாம், வாசனை பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். பழசில் முதல் இரண்டு மூன்று அடியைத் துணியில் அடித்து ஒதுக்கிவிடுங்கள், குழாயில் தேங்கி நின்ற திரவம் அது. அதற்கு அப்புறமும் முதல் பத்து பதினைந்து நிமிடத்தை வைத்துப் பழசையும் புதுசையும் எடைபோடாதீர்கள், அந்த நேரத்தில் தெரியும் வித்தியாசத்தில் பெரும்பங்கு வயசின் வேலை.

தோலுக்கு முன்னால் தாளில் அடித்து மோந்து பார்க்க வேண்டும். அந்தக் காகிதத்துக்கு எஸ்.வி. படேல் சாலையில் அரவிந்தர் ஆசிரமத்தின் கைக்காகிதப் பட்டறை இருக்கிறது, பூ இதழ் எதுவும் பதிக்காத, சாயம் போடாத தடித்த வெள்ளைத் தாள் கிடைத்தால் அருமை. இல்லையென்றால் ஓவியப் பிள்ளைகள் வாங்கும் வாட்டர்கலர் தாள் போதும். அரை அங்குல அகலத்துக்குக் கீற்றுகளாக வெட்டி, பென்சிலால் குறி போடுங்கள், பேனா மைக்கே ஒரு வாசனை உண்டு. ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரே ஒரு அடி, எல்லாக் கீற்றுக்கும் அதே அளவு.

இங்கேதான் வீட்டில் ஒருவரை உதவிக்குக் கூப்பிட வேண்டும். மூன்று கீற்றுகள், இரண்டில் ஒரு பாட்டில், ஒன்றில் மற்றது. எது எது என்று உங்களுக்குத் தெரியக் கூடாது. அடித்து ஒரு மணி நேரம் ஆன பிறகு எடுத்து, தனியாக நிற்பது எது என்று நீங்கள் கண்டுபிடிக்க வேண்டும். உணவுக் கம்பெனிகளில் ருசி பார்ப்பவர்கள் செய்யும் சோதனைதான் இது. குருட்டாம்போக்கில் சொன்னாலே மூன்றில் ஒரு தடவை சரியாகிவிடும், அதனால் ஒரு முறையோடு நிறுத்தாதீர்கள். வேறு வேறு நாளில் ஆறு முறை செய்து ஐந்து முறை சரியாகச் சொன்னால் வித்தியாசம் நிஜம், நம்பலாம். இரண்டோ மூன்றோதான் சரி என்றால், நீங்கள் மோந்தது பெரும்பாலும் உங்கள் ஞாபகத்தைத்தான், அதை ஒத்துக்கொண்டு புது பாட்டிலை நிம்மதியாகப் போடலாம்.

தாளில் முடிந்ததும் தோல். மைசூர் சந்தன சோப்பு போட்டுக் குளித்த கையில் சந்தனம் தூக்கலாக இருக்கிறது என்று எழுதக் கூடாது, வெறும் தண்ணீரில் முன்கையைக் கழுவித் துடைத்துவிட்டு வலதில் ஒன்று, இடதில் ஒன்று. தேங்காய் எண்ணெய் கூடாது, தேய்க்கவும் கூடாது. வீட்டில் சாம்பிராணி போட்ட வெள்ளிக்கிழமை இதற்கு ஆகாது, தலை நிறைய மல்லிகை வைத்திருந்தாலும் ஆகாது. அதிலும் ஓ சொவாஜுக்கு அது சுத்தமாக ஆகாது, ஏனென்றால் அதன் நடுவில் இருக்கும் ஹெடியோன் மல்லிகையைச் சேர்ந்த வாசனைதான், தலையில் இருக்கும் பூவா கையில் இருக்கும் சென்ட்டா என்று மூக்கு குழம்பிவிடும்.

பருவமும் ஒன்றாக இருக்க வேண்டும், இதை நான் அழுத்திச் சொல்வேன். பெரியப்பா அதைப் போட்டது பாரீஸ் குளிரில். நீங்கள் புதுசை அடிப்பது அக்னி நட்சத்திரத்தில், வேர்வை ஊற்றும் கடலோர ஊரில். சூட்டில் எல்லாம் வேகமாக ஆவியாகும், ஆரம்பம் பளீரென்று அடித்து சீக்கிரமே இறங்கிவிடும். பழசின் மார்கழி ஞாபகத்தை வைத்துக்கொண்டு புதுசைச் சித்திரையில் குறை சொல்வது நியாயமில்லை. ஒரே நாளில், ஒரே நேரத்தில், இரண்டையும். முதலில் ஃபேன் நிறுத்திய அறையில் மோந்து பாருங்கள். எவ்வளவு தூரம் வீசுகிறது என்று பார்க்க பீச் ரோட்டுக்குப் போகாதீர்கள், கடல் காற்று எல்லாவற்றையும் அடித்துக்கொண்டு போய்விடும். காற்றடங்கிய ஒரு தெருவில் நடந்து, பின்னால் வருபவரைச் சொல்லச் சொல்லுங்கள். பழைய எலுமிச்சை வகை சென்ட்டைக் கழுத்தில் அடித்துக்கொண்டு மத்தியான வெயிலில் மட்டும் நிற்க வேண்டாம், சுத்திகரிக்காத பெர்கமோட் எண்ணெயில் இருக்கும் பெர்காப்டென் வெயில் பட்டால் தோலைக் கறுக்க வைக்கும்.

நீடிப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. "புதுசு ஒரு மணி நேரம்கூட நிற்கவில்லை" என்பதுதான் அதிகம் கேட்கும் புகார், அதில் மூக்கு சோர்ந்துபோவதற்கும் பங்கு உண்டு. சில மஸ்க் (கஸ்தூரி) வகைகள் சிலருக்குச் சுத்தமாகத் தெரியவே தெரியாது, பக்கத்தில் இருப்பவருக்கு நன்றாகத் தெரியும். காபிக்கொட்டையை மோந்தால் மூக்கு தெளியும் என்று கடைகளில் ஒரு கிண்ணம் வைக்கிறார்களே, அதனால் வெறும் காற்றைவிடப் பெரிய உபகாரம் கிடையாது. வெளியே போய் ஐந்து நிமிடம் நின்றுவிட்டு வந்தாலே போதும். துவைத்த பழைய பருத்தித் துண்டின் ஒரு முனையில் பழசில் ஒரு அடி, மறு முனையில் புதுசில் ஒரு அடி அடித்து, மறுநாள் காலை வீட்டில் இன்னொருவர் கையில் கொடுங்கள், எது நின்றது என்று அவர் சொல்லட்டும். பட்டில் வேண்டாம், கறை விழும்.

பார்த்ததை உடனே எழுதுங்கள். கடலூர் சிப்காட் பக்கத்து கிராமத்து மக்கள் ரசாயன நாற்றத்தால் அவதிப்பட்டபோது, எந்த நாள், எந்த நேரம், என்ன மாதிரி நாற்றம் என்று தாங்களே குறித்துவைத்தார்கள். நாற்றம் என்பது காற்றோடு போய்விடும், எழுதினால்தான் நிற்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. சென்ட்டுக்கும் அதே முறைதான்: அடித்தவுடன், கால் மணி, ஒரு மணி, நாலு மணி, மறுநாள். 'நல்லா இருக்கு' என்று எழுதாதீர்கள். எலுமிச்சைத் தோலா சாறா, மரிக்கொழுந்தா துளசியா, காய்ந்த வெட்டிவேரா நனைந்த வெட்டிவேரா என்று எழுதுங்கள். பழசுக்கும் புதுசுக்கும் சொற்கள் எங்கே பிரிகின்றன என்று பார்த்தால் எது போயிருக்கிறது என்பது தெரிந்துவிடும்.

உண்மையான ஆதி வாசனை என்னவென்று தெரிந்துகொள்ள ஆசைப்படுபவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பாரீஸ் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், வெர்சாய் நகரில் ஒஸ்மோதெக் என்று 1990-இல் தொடங்கிய வாசனைக் காப்பகம் இருக்கிறது. பழைய சென்ட்களை 12 டிகிரி குளிரில், ஆர்கான் வாயு நிரப்பி, வெளிச்சம் படாமல் வைத்திருக்கிறார்கள். பீரோ பாட்டிலைவிட அது நம்பகமான சாட்சி, அங்கே போகும் வாய்ப்பு வந்தால் விடாதீர்கள்.

சோதனையில் புதுசு தேறிவிட்டால் முதலில் சின்ன பாட்டிலாக வாங்குங்கள். தேறவில்லை, பழசுதான் வேண்டும் என்றால், இருப்பதைப் பெட்டியோடு மர அலமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள், பாத்ரூமிலும் ஜன்னலோரத்திலும் வேண்டாம். பிரான்ஸிலிருந்து யாராவது வாங்கி வருவதாக இருந்தால், காசு கொடுக்கும் முன்பே பெட்டியின் அடிப்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லிப் பொருள் பட்டியலைப் படித்துவிடுங்கள். கைப்பையில் 100 மில்லிக்கு மேல் விடமாட்டார்கள், பெரிய பாட்டில் என்றால் துணியில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து லக்கேஜில் போடச் சொல்லுங்கள்.