சான் லொரென்சோ: மெடிச்சிகளின் ஆலயத்தில் செய்யக்கூடாத தவறுகள்

ஃபுளோரன்ஸ் நகரத்துச் சான் லொரென்சோ தேவாலயத்தின் சொரசொரப்பான, பூசப்படாத கல்முகப்பைப் பார்த்துவிட்டு, உள்ளே பெரிதாக ஒன்றும் இராது என்று கடந்துபோவதுதான் முதல் தவறு. ஃபுளோரன்சை ஆண்ட வங்கிக் குடும்பமான மெடிச்சிக் குடும்பத்தில் பிறந்த போப் பத்தாம் லியோ, இதற்குப் பளிங்கு முகப்பு அமைக்கும் பணியை மைக்கலாஞ்சலோவிடம் ஒப்படைத்திருந்தார். 1520இல் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டதால், அந்தச் சுவர் இன்றுவரை அப்படியே நிற்கிறது.

அடுத்த தவறு, ஒரே நுழைவுச்சீட்டில் எல்லாவற்றையும் பார்த்துவிடலாம் என்று நம்புவது. தேவாலயத்திற்கு வழி சான் லொரென்சோ சதுக்கத்தில் இருக்கிறது. மைக்கலாஞ்சலோவின் சிற்பங்கள் உள்ள மெடிச்சிச் சிற்றாலயங்களோ அரசு அருங்காட்சியகமாக, கட்டடத்தின் பின்புறத்தில், தனி வாசலும் தனிச் சீட்டும் கொண்டவை. இதே வளாகத்திலுள்ள லொரென்சிய நூலகத்திற்கு உள்முற்றம் வழியாகச் செல்ல வேண்டும். மூன்றுக்கும் திறக்கும் நேரமும் விடுமுறை நாளும் வெவ்வேறு என்பதால், புறப்படுமுன் அவற்றின் அதிகாரபூர்வ இணையதளங்களைப் பார்த்துக்கொள்வது அவசியம். இது இன்றும் வழிபாடு நடக்கும் ஆலயம். தோளும் முழங்காலும் மறையும்படி உடுத்த வேண்டும், திருப்பலி நடக்கும்போது சுற்றிப் பார்க்கக்கூடாது.

நேரம் குறைவென்று தேவாலயத்தை விட்டுவிட்டுச் சிற்றாலயங்களுக்கு மட்டும் போகிறவர்கள், கதையின் தொடக்கத்தையே இழக்கிறார்கள். குடும்பத்தின் வங்கியை நிறுவிய ஜொவான்னி டி பிச்சியின் பணத்தில், கட்டடக்கலைஞர் புருனெல்லெஸ்கி 1420களில் கட்டிய பழைய திருவுடை அறை (குருமார் வழிபாட்டு உடை அணியும் அறை) தேவாலயத்தின் பக்கம்தான் உள்ளது. சாம்பல் நிறக் கல்லும் வெள்ளைச் சுவரும் மட்டுமே கொண்டு, சதுரத்தின் மேல் ஒரு குவிமாடத்தை அமைத்து அவர் உண்டாக்கிய அமைதி, என்னைப் பொறுத்தவரை, இந்த வளாகத்தின் மிக உயர்ந்த சாதனை. அதன் நடுவே இருக்கும் பளிங்கு மேசையின் கீழ்தான் ஜொவான்னியும் அவர் மனைவியும் அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். மேசைதானே என்று அதன்மேல் பையை வைத்துவிட வேண்டாம்.

மிகப் பலர் தடுமாறும் இடம், மெடிச்சிச் சிற்றாலயங்களில் மைக்கலாஞ்சலோவின் சிற்பங்கள் உள்ள புதிய திருவுடை அறை. அங்கே சிந்தனையில் ஆழ்ந்தவராக அமர்ந்திருக்கும் சிலைக்கு லொரென்சோ என்று பெயர் இருப்பதைக் கண்டதும், புகழ்பெற்ற ‘மகத்தான லொரென்சோ’ இவர்தான் என்று முடிவுசெய்து படமெடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். அது 1519இல் இறந்த அவருடைய பேரன், உர்பினோ கோமகன். எதிரே அமர்ந்திருப்பவர் 1516இல் இறந்த, மகத்தான லொரென்சோவின் இளைய மகன், நெமூர் கோமகன் ஜூலியானோ. வரலாற்றில் பெரிதாக எதையும் விட்டுச்செல்லாத இந்த இருவரின் காலடியில்தான் இரவும் பகலும், அந்தியும் விடியலும் உலகப் புகழ்பெற்ற உருவங்களாகச் சாய்ந்து கிடக்கின்றன. கலைஞர்களைப் பேணிய பாட்டனார் லொரென்சோவும், 1478இல் நகரப் பேராலயத்தில் பூசை நேரத்தில் குத்திக் கொல்லப்பட்ட அவருடைய தம்பி ஜூலியானோவும், நுழைவுப் பக்கச் சுவரோரம், அன்னையும் குழந்தையுமாக உள்ள சிற்பத்தின் கீழே எளிய பேழையில் இருக்கிறார்கள். 1534இல் மைக்கலாஞ்சலோ ஃபுளோரன்சைவிட்டுப் போய்விட்டதால், அவர்களுக்கென எண்ணிய கல்லறை கட்டப்படவேயில்லை. அந்தச் சுவரின் முன் சற்று நேரம் நில்லுங்கள்.

இந்த அறையின் அடியில், 1975இல் கண்டுபிடிக்கப்பட்ட கரிக்கோட்டு ஓவியங்கள் உள்ள சிறிய அறை, 2023 நவம்பர் முதல் ஒரு வேளைக்கு நான்கு பேர் என்ற கணக்கில் முன்பதிவு செய்தோருக்குத் திறக்கப்பட்டது. சிற்றாலயச் சீட்டை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே இறங்கலாம் என்று எண்ணிப் போகக்கூடாது.

அருகிலுள்ள இளவரசர்களின் சிற்றாலயம், 1604இல் பணி தொடங்கிய எண்கோண மண்டபம். பல நிறக் கற்கள் இழைத்த சுவர்களுக்கு நடுவே நிற்கும் அந்தப் பிரம்மாண்டமான பேழைகளுக்குள் உடல்கள் இருப்பதாக எண்ணிவிடக்கூடாது; அவை வெறுமையானவை, மெடிச்சிப் பெருங்கோமகன்களின் உடல்கள் கீழே நிலவறையில் அடக்கமாயின.

இக்குடும்பத்தின் ஆட்சிக்கு அடித்தளமிட்டவரும் 1464இல் மறைந்தவருமான மூத்த கோசிமோவுக்கோ, தேவாலயத்தின் தலைமைப் பீடத்திற்கு முன்னால், தரையில் சிற்பி வெரோக்கியோ பதித்த வண்ணக்கல் வட்டம் ஒன்றுதான் அடையாளம். அண்ணாந்து பார்த்தபடியே நடப்பவர்கள் அதன்மேல் ஏறிப் போய்விடுகிறார்கள். அதற்கு நேர் கீழே, ஆலயத்தைத் தாங்கும் தூணுக்குள் அவர் உடல் இருக்கிறது. அருகில் அவர் ஆதரித்த சிற்பி டொனாடெல்லோவும் அடக்கமாகியிருக்கிறார்.