பிள்ளையின் காதோரத் துளையும் மருவும்: எதைச் செய்வது, எதை விடுவது

காதுமடல் முகத்தோடு சேரும் இடத்தில் ஊசி முனையளவு துளை, இல்லாவிட்டால் மரு என்று சொல்லும் சின்னச் சதை முளை: பிறந்த பிள்ளைகளில் இரண்டும் அபூர்வமல்ல. கர்ப்பத்தின் 6ஆம் வாரமளவில் ஆறு சிறு மேடுகள் ஒட்டித்தான் காதுமடல் உருவாகிறது. அந்த ஒட்டலில் வரும் சிறு பிசகுதான் காரணம். தாய் கிரகணம் பார்த்ததால் வந்ததல்ல.

தோலுக்கு அவசரமில்லை. அவசரம் கேள்திறன் பரிசோதனைக்குத்தான். 1 மாதத்துக்குள் செய்துவிடுங்கள். ஆஸ்பத்திரியிலேயே செய்தார்களா என்று, வீட்டுக்கு விடும்போது தந்த துண்டைப் பாருங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வரும் மிட்வைஃபிடமோ கிளினிக் டொக்டரிடமோ கடிதம் கேளுங்கள். கொழும்பு, பொரளையிலுள்ள லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கு அனுப்பினால், பால் கொடுத்து, பிள்ளை நித்திரையாகும் நேரமாகப் பார்த்துக் கொண்டுபோங்கள். காதுக்குள் மெல்லிய முனை வைத்துச் சில நிமிடங்களில் சோதிப்பார்கள், வலிக்காது. பிள்ளை அழுதாலோ, பிறந்த புதிதில் காதுக்குள் ஈரமிருந்தாலோ கருவி பதியாது. திரும்ப வரச் சொன்னால் காது கேட்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆனால் போகாமல் விடாதீர்கள்.

காதுக் குறையோடு சில பிள்ளைகளுக்குச் சிறுநீரகக் குறையும் இருக்கலாம் என்றாலும், சிறுநீரக ஸ்கான் எல்லாருக்கும் வேண்டியதில்லை. கழுத்தில் துளையோ கட்டியோ, முகம் ஒருபக்கம் சிறுத்திருப்பது, குடும்பத்தில் காது கேளாமை, தாய்க்குக் கர்ப்பகால நீரிழிவு: இவற்றில் ஒன்று இருந்தால் டொக்டரிடம் சொல்லிக் கேளுங்கள்.

மருவை நூலாலோ தலைமயிராலோ கட்டாதீர்கள். பல மருக்களுக்குள் குருத்தெலும்பு இருக்கும். நூல் தோலை அழுக வைக்கும், உள்ளே மிச்சம் முண்டாக நிற்கும், கிருமி தொற்றும். அழகுக்காக எடுப்பதென்றால் பிள்ளை வளர்ந்தபின் பிளாஸ்டிக் சர்ஜன் எடுப்பார்.

துளையைப் பிதுக்கவோ, பஞ்சுக் குச்சியால் தோண்டவோ வேண்டாம். குளிப்பாட்டும்போது எண்ணெய், பயற்றம்மா, பவுடர் அந்த இடத்தில் படாமல், வெறும் தண்ணீரால் கழுவி ஒற்றித் துடையுங்கள். வெள்ளையாகக் கொஞ்சம் கசிந்தால் அது தோல் கழிவுதான். சிவந்து, வீங்கி, தொட்டால் பிள்ளை அழுதால், சீழ் வந்தால், காய்ச்சல் கண்டால் அன்றைக்கே காட்டுங்கள். சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சலென்றால் இரவென்று பார்க்க வேண்டாம். பழைய அன்டிபயோட்டிக் பாணியை வீட்டில் கொடுப்பது ஆபத்து.

தொல்லை தராத துளைக்குச் சத்திரசிகிச்சை தேவையில்லை. திரும்பத் திரும்பச் சீழ் பிடித்தால்தான் எடுப்பார்கள், அதுவும் புண் ஆறியபிறகு. துளையிலிருந்து உள்ளே ஓடும் குழாய் முழுவதையும் எடுக்க வேண்டும். துண்டு மிஞ்சினால் அதே இடத்தில் மறுபடி வீங்கும்.