ஒரே மாதத்தில் முப்பத்தெட்டு காதல்: குறுநாவல் வாசகிகள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை விடுமுறைக்கு அண்ணன் மகள் பாளையங்கோட்டைக்கு வந்திருந்தாள். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் கண் இரண்டும் சிவந்து கிடக்கிறது. "ராத்திரி எத்தனை?" என்றேன். "நாலு அத்தை" என்றாள். நாலு காதல் குறுநாவல், எல்லாம் ஒரே எழுத்தாளர், கைபேசியில். முதல் கதையில் நாயகி பேர் என்ன என்று கேட்டேன். யோசித்தாள், யோசித்தாள், கடைசியில் நான்காம் கதை நாயகியின் பேரைச் சொன்னாள்.

சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது. பத்தொன்பது வயதில் நானும் இதையேதான் செய்தேன். அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்து மாட்டிக்கொள்வது, அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கதைக்குள் போய்விடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். பால் பொங்கி வழிந்தால் தானாகவே புத்தி வரும்.

கடைசிப் பக்கத்தை முதலில் பார்ப்பது

தவறே இல்லை. தாராளமாகப் பாருங்கள். அமெரிக்காவில் ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா என்று ஒரு சங்கம், 1980-ல் தொடங்கியது. காதல் கதைக்கு அவர்கள் வைத்த இலக்கணம் இரண்டே வரி: நடுவில் ஒரு காதல் இருக்க வேண்டும், முடிவு மனதுக்கு நிறைவாகவும் நம்பிக்கையாகவும் இருக்க வேண்டும். இருவரும் சேர்வார்கள் என்பது அட்டையைப் பார்த்ததுமே தெரியும். எப்படிச் சேர்கிறார்கள் என்பதற்குத்தானே காசு கொடுக்கிறோம்?

ஒரே எழுத்தாளரை மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் முடிப்பது

இது கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் தெருமுனையில் அப்போது ஒரு வாடகை நூலகம் இருந்தது. மாத நாவல்களை இரண்டிரண்டாகச் சேர்த்துத் தைத்து, கெட்டி அட்டை போட்டு, முதுகில் மையால் தலைப்பு எழுதி அடுக்கியிருப்பார்கள். தலைப்பை வைத்து எதைப் படித்தோம் என்று கண்டுபிடிக்கவே முடியாது. எல்லாவற்றிலும் ஒரு நிலவோ தென்றலோ நெஞ்சமோ இருக்கும். அதனால் தெருப் பெண்கள் ஆளுக்கோர் அடையாளம் வைத்திருந்தார்கள். அம்மாவுடைய அடையாளம் 21-ஆம் பக்கத்தில், பக்க எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்னச் சுழி. கதை ரொம்பப் பிடித்துவிட்டால் சுழிக்கு ஒரு வால். புத்தகத்தைக் கையில் எடுத்ததும் 21-ஐத் திருப்புவாள். வெறும் சுழி இருந்தால் அலமாரிக்கே திரும்பிவிடும். வால் இருந்தால் மறுபடியும் வீட்டுக்கு வரும். நூலகத்தை மூடியபோது வால் வைத்த பன்னிரண்டைத் தேடிப் பிடித்து விலைக்கு வாங்கிக்கொண்டாள்.

நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம் ஜங்ஷன் பக்கம் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒரே எழுத்தாளரின் முப்பத்தெட்டு புத்தகங்கள் கட்டாகக் கிடைத்தன. சணல் கயிறு விரலை அறுக்க அறுக்க டவுன் பஸ்ஸில் தூக்கி வந்தேன். முதல் ஐந்தும் தேன். பத்தாவதில் மலை மேல் காபித் தோட்டம் இன்னொரு தடவை வந்தது. கொத்துச்சாவியை இடுப்பில் செருகிய பாட்டியும் வந்தாள். இருபதாவதுக்குள் நாயகிக்கு மழையில் எந்தப் பக்கத்தில் கால் பிசகும், அவன் எந்தப் பக்கத்தில் தூக்குவான் என்று சொல்லிவிடுவேன். முப்பதுக்கு மேல் படித்தது ஆசையில் இல்லை, கொடுத்த காசு வீணாகக் கூடாதே என்றுதான். முடித்த அன்று எனக்கு ஒரு ஞானம் பிறந்தது: இந்த ஜாதிப் புத்தகம் மொத்தமும் குப்பை.

அந்தச் சூட்டோடு எடைக்குப் போட்டேன். என் முப்பத்தெட்டோடு அம்மாவின் பன்னிரண்டையும் சேர்த்து.

அம்மா பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். வந்தாள், அலமாரியைப் பார்த்தாள், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி சோறு போடும்போதுதான் கேட்டாள்: "அந்தப் பன்னண்டையுமாட்டி போட்ட?" கிடைத்த காசில் ஒரு செருப்பு வாங்கியிருந்தேன். அது அந்த வருஷம் ஆனித் தேரோட்டக் கூட்டத்தில் ரத வீதியிலேயே வார் அறுந்து போனது.

இப்போது யோசித்தால் எழுத்தாளர் மேல் ஒரு குற்றமும் இல்லை. மாதம் ஒன்று என்று படிக்கச் செய்த பண்டத்தை நான் ஒரு நாளைக்கு ஒன்று, சில நாள் இரண்டு என்று விழுங்கினேன். 1969-ல் ராணி முத்து வந்ததே மாத நாவலாகத்தான். அதைக் கொண்டுவந்த சி. பா. ஆதித்தனார் வேறு யாரும் இல்லை, நம்ம திருச்செந்தூர் பக்கத்துக் காயாமொழிக்காரர். லண்டனில் 1908-ல் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன் முதலில் எல்லா வகைப் புத்தகமும் போட்டது. 1930-களில் காதல் கதைக்கே திரும்பி வளர்ந்ததும் நம் தெருமுனை நூலகம் மாதிரியான வாடகை நூலகங்களை நம்பித்தான். ஒன்றைக் கொடுத்துவிட்டு இன்னொன்றை வாங்க வேண்டும். நடுவில் நாலு நாள் ஓடும். அந்த நாலு நாளில் காபித் தோட்டம் கொஞ்சம் மறந்திருக்கும்.

கோயில் கொடையில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். வருஷா வருஷம் அதே சுடலை பிறக்கிறான், ஜனம் அதே இடத்தில் குலவை போடுகிறது. சலிக்கிறதா? அதையே தினமும் ராத்திரி வாசலில் பாடினால் மூன்றாம் நாள் கதவைச் சாத்திவிடுவோம்.

என் கணக்கு, ஓர் எழுத்தாளருக்கு மாதம் ஒன்று. நடுவில் துப்பறியும் கதை, கட்டுரை, சமையல் குறிப்பு என்று எது வேண்டுமானாலும் படிக்கலாம். அண்ணன் மகளிடம் சொன்னேன். "மாசம் ஒண்ணா?" என்று நான் பட்டினி போடச் சொன்ன மாதிரிப் பார்த்தாள்.

"ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்குமே!"

இதைச் சொல்லிப் பாதியில் மூடுபவர்கள் அதிகம். நூறு பக்கத்துக்குள் ஒரு முடிச்சுக்குத்தான் இடம். பெரிய நாவல் மாதிரி ஊர், சொத்து, மூன்று தலைமுறை என்று பரப்ப முடியாது. ஆகவே பேசாமல் இருப்பதே முடிச்சாகிறது. அதிலும் நம் கதைகளில் பாதிக்குப் பாதி கல்யாணம் முதலில் நடந்துவிடும், காதல் பிறகுதான் வரும். ஒரே வீடு, ஒரே சாப்பாட்டு மேசை, பேச்சு மட்டும் கிடையாது. நம்ப முடியாத சங்கதியா இது? எங்கள் சித்தப்பாவும் சித்தியும் ஒரு தீபாவளியிலிருந்து அடுத்த தீபாவளி வரை பிள்ளைகள் மூலமாகத்தான் பேசிக்கொண்டார்கள்.

கவனிக்க வேண்டியது யார் வாயை அடைக்கிறார்கள் என்பது. அவளுடைய ரோஷமோ அவனுடைய பயமோ அடைத்தால் கதை நிற்கும். கடிதம் காற்றில் பறந்தது, போன் சார்ஜ் தீர்ந்தது, கதவுக்குப் பின்னால் பாதிப் பேச்சு காதில் விழுந்தது என்று எழுத்தாளரே வந்து அடைத்தால், அப்போது மூடி வையுங்கள்.

தனியாகவே படிப்பது

முக்கூடலில் பெரியம்மா வீட்டுத் திண்ணையில் மத்தியானம் ஐந்தாறு பேர் பீடி சுற்றுவார்கள். மடியில் தட்டு, தட்டில் இலையும் தூளும். கை தானாக இலையை வெட்டி, தூளை வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கிக்கொண்டே இருக்கும். கண்ணும் கையும் வேலையில், காது மட்டும் சும்மா. லீவுக்குப் போனால் வாசித்துக் காட்டும் வேலை எனக்கு.

ஒரு நாள், நாயகன் கோபத்தில் நாயகியின் கன்னத்தில் அறைகிறான், அவள் அழுகிறாள், அந்தக் கோபத்துக்கு அடியில் எவ்வளவு ஆசை என்று அவளுக்குப் புரிகிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. தனியாகப் படித்திருந்தால் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்திருப்பேன். ஓரத்தில் இருந்த மைனி தலையைத் தூக்காமலே கேட்டாள்: "ஏட்டி, அடிச்சது அவன். இவ எதுக்கு மன்னிப்பு கேக்கா?" இன்னொருத்தி, "ஆசை இருந்தா அல்வா வாங்கிட்டு வரணும்லா" என்றாள். திண்ணை முழுக்கச் சிரிப்பு. அப்புறம் பத்து நிமிஷம் அவனை வைத்து வாங்கினார்கள். அதற்காகக் கதையை விட்டார்களா என்றால் இல்லை. "சரி, மேல படி. எப்படித்தான் சேருதாகன்னு பாப்போம்."

அந்தக் காலத்துக் கதைகளில் இப்படி அறைகிற, மணிக்கட்டை முறுக்குகிற நாயகர்கள் நிறைய. இப்போதும் குறைந்தபாடில்லை. திட்டிக்கொண்டே ரசிப்பதற்குப் பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். திண்ணை இல்லாவிட்டால் ஒரு தோழியாவது.

அட்டைப்படத்தை நம்புவது

வரைந்தவர் கதையைப் படித்திருப்பார் என்று யார் சொன்னது?

முடியாத தொடரில் மாட்டிக்கொள்வது

"முற்றும்" கண்ணில் பட்ட பிறகு தொடங்குங்கள்.

பழைய புத்தகத்தில் கடைசி ஃபாரத்தைப் பார்க்காமல் வாங்குவது

பதினாறு பதினாறு பக்கமாகத் தைத்த புத்தகங்களில் நூல் விட்டால் ஒரு பக்கமாக உதிராது, மொத்த ஃபாரமும் போய்விடும். பின்னட்டையை மட்டும் திரும்ப ஒட்டி வைத்திருப்பார்கள். ரயிலடியில் ஒன்று வாங்கிக்கொண்டு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறினேன். அவன் கதவைத் தட்டுகிறான், அவள் தாழ்ப்பாளில் கை வைக்கிறாள், அடுத்த பக்கம் பல்பொடி விளம்பரம். எழும்பூர் வரை தூக்கமில்லை.

காசு கொடுக்கும் முன் கடைசிப் பதினாறு பக்கமும் இருக்கிறதா என்று எண்ணிவிடுங்கள். அப்படியே 21-ஆம் பக்கத்தையும் ஒரு தடவை திருப்பிப் பாருங்கள். பென்சிலில் சுழி போட்டு வால் இழுத்திருந்தால் எனக்குச் சொல்லி அனுப்புங்கள். விலை என்னவானாலும் சரி.