கல்யாணம் முடிந்தபின் மேளம்: வயிற்று விஷயத்தில் நாம் செய்யும் சில தப்புகள்

அப்பா பல வருடங்களாகக் கேஸ் மாத்திரையை இட்லி சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் போடுவார். வெறும் வயிற்றில் மாத்திரை கூடாது என்பது அவர் கட்சி. சில மாத்திரைகளுக்கு அது சரிதான். அமிலத்தை அடக்கும் பான்டோபிரசோல், ஒமிப்ரசோல் வகைக்கு நேர் எதிர்.

இரைப்பைச் சுவரில் அமிலத்தை வெளியே தள்ளும் நுண்ணிய பம்புகள் உண்டு. வயிறு காலியாக இருக்கும்போது அவற்றில் பல சும்மா கிடக்கும். சாம்பார் வாசனை மூக்கில் ஏறியதுமே மூளையிலிருந்து வேகஸ் நரம்பு வழியாகத் தகவல் வந்துவிடும். அப்புறம் உணவு இறங்கும், இரைப்பை விரியும், காஸ்ட்ரின் என்ற ஹார்மோன் சுரக்கும், பம்புகள் மும்முரமாக ஓடும். ஓடுகிற பம்பைத்தான் இந்த மாத்திரை பூட்டும். அதுவும் குடலில் கரைந்து, ரத்தத்தில் கலந்து சுற்றிவந்துதான் அங்கே சேரும். ரத்தத்தில் தங்குவதோ சில மணி நேரம். எனவே சாப்பாட்டுக்கு 30 முதல் 60 நிமிடம் முன்னால் போட வேண்டும். பிறகு போட்டால் கல்யாணம் முடிந்தபின் மேளம். உடைத்துப் பொடித்தும் போடாதீர்கள். அமிலத்தை அடக்கும் மருந்து அமிலம் பட்டாலே சிதைந்துவிடும், அதற்காகத்தான் அந்த மேல்பூச்சு.

காலையில் காபி குடித்த பத்தாவது நிமிடம் வயிறு முடுக்கினால், குடித்தது அப்படியே போகிறது என்று சிலர் பயப்படுவார்கள். போவது நேற்றோ முந்தாநாளோ சாப்பிட்டது. இரைப்பை நிறைந்ததும், இடம் விடச் சொல்லிப் பெருங்குடலுக்குச் செய்தி போகிறது, அவ்வளவுதான். பஸ் போய்விடும் என்று அதை அடக்குவதுதான் தப்பு. உந்துதல் ஓய்ந்துவிடும், பெருங்குடலோ தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் இறுகும்.

குழந்தைக்குப் பேதி என்றால் வெறும் குளுக்கோஸ் பவுடரைக் கரைத்துக் கொடுக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. குடலுக்குள் தினமும் சுமார் 9 லிட்டர் திரவம் வருகிறது. நாம் குடிப்பது 2 லிட்டர்தான். மீதி எச்சில், இரைப்பைநீர், பித்தம், கணையநீர், குடல்நீர். ஏறக்குறைய அத்தனையையும் குடல் திரும்ப உறிஞ்சிவிடும். பேதியில் இந்தக் கணக்கு குலைகிறது. ஆனால் உப்பும் சர்க்கரையும் சேர்ந்து வந்தால் மட்டும் திறக்கும் ஒரு வாசல் காலராவில்கூட வேலை செய்யும். தண்ணீரும் அவற்றின் பின்னாலேயே போகும். 1971 வங்கதேச விடுதலைப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் டாக்டர் திலீப் மகலானபிஸ் இந்த உப்பு-சர்க்கரைக் கரைசலைக் கொடுத்தே ஏராளமானோரைக் காப்பாற்றினார்.

இதில் அளவுதான் முக்கியம். டம்ளர் தண்ணீரில் ஓ.ஆர்.எஸ். என்ற இந்த உப்பு-சர்க்கரைப் பொடியை ஒரு சிட்டிகை தூவிவிட்டுப் பாக்கெட்டை மடித்து வைப்பதை நிறைய வீடுகளில் பார்க்கலாம். 1 லிட்டர் பாக்கெட்டை 1 லிட்டரில் மொத்தமாகக் கரைக்க வேண்டும். 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் கிடைக்கிறது. ருசிக்காகக் கூடுதல் சர்க்கரை போட்டால், அது ரத்தத்திலிருந்து தண்ணீரைக் குடலுக்குள் இழுத்துப் பேதியைக் கூட்டும். கரைத்து 24 மணி நேரம் ஆகிவிட்டால் மிச்சத்தைக் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.