பாடும்போதே உங்களுக்கு மார்க் போடாதீர்கள்

முப்பது நாற்பது வயதுக்கு மேல் கர்நாடக சங்கீதம் கற்றுக்கொள்ள உட்காருகிறவர்களில் பலர், ஆரம்பப் பாடமான சரளி வரிசையில் முதல் வரி தாண்டுவதற்குள் “நமக்கு இது வராது” என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். பக்கத்தில் அதே ச ரி க மவை அபஸ்வரமாகக் கத்திக்கொண்டிருக்கிற எட்டு வயதுப் பொடியனுக்கு இந்தக் கவலையே கிடையாது. நம் காது பல வருஷமாக நல்ல பாட்டாகக் கேட்டுப் பழகியது, தொண்டையோ இன்றைக்குத்தான் ஆரம்பிக்கிறது. தப்பு காதில் விழுகிறதென்றால் காது ஒழுங்காக இருக்கிறது என்று அர்த்தம், அதில் சந்தோஷப்படலாம். ஆனால் அந்தக் காது, பாடி முடிக்கும் வரை பொறுக்காமல் நடுவிலேயே தீர்ப்புச் சொல்ல ஆரம்பித்தால்தான் சிக்கல்.

தீர்ப்பு வந்ததும் உடம்பு என்ன செய்கிறதென்று பாருங்கள். தாடை இறுகும், தோள் மேலே ஏறும், பக்கத்து வீட்டுக்குக் கேட்டுவிடுமோ என்று குரலை உள்ளே இழுத்துக்கொள்வோம். மூச்சுக் காற்று போதாத அந்தக் குரலில் ஸ்வரம் நிற்காது, ஆடும். அதைக் கேட்டு இன்னும் பயம், இன்னும் சின்னக் குரல். அதனால் முதல் வேலை, வாயைத் திறந்து ஆகாரமாக, அதாவது ‘ஆ’ என்று, தப்பானாலும் சத்தமாகப் பாடுவது.

அதற்கும் முன்னால் சுருதியை, அதாவது நீங்கள் ‘ச’ வைத்துக்கொள்கிற உயரத்தை, சரிபாருங்கள். அந்த உயரத்தைக் கட்டைக் கணக்கில் சொல்வார்கள். சொல்லித்தருகிற அம்மா ஐந்து கட்டையில் பாடுகிறார் என்பதற்காக நீங்களும் அதிலேயே தொங்க வேண்டியதில்லை. ஆண்களில் பலருக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை வசதியாக இருக்கும். மேல் ஷட்ஜத்தில் (மேல் ‘ச’) கழுத்து நரம்பு புடைக்கிறதென்றால் அரைக்கட்டை இறக்குங்கள். “என் குரல் மோசம்” என்று நினைத்துக்கொண்டிருந்தது, பல பேருக்குக் கட்டை மாறியதும் காணாமல் போய்விடும்.

சரி, உட்கார்ந்தாயிற்று. உடனே வரிசைக்குப் போகாமல், தம்புராவையோ போனில் சுருதிப்பெட்டி ஆப்பையோ போட்டுவிட்டு ஐந்து நிமிஷம் ஷட்ஜம் மட்டும் பிடியுங்கள். முதலில் வாயை மூடி முனகல், அப்புறம் ஆகாரம். சேர்ந்துவிட்டால் உங்கள் குரல் தனியாகக் கேட்காமல் தம்புராவுக்குள் கலந்துவிடும். சேராதபோது ஒரு அதிர்வு காதைக் குத்தும், அப்போது கொஞ்சம் ஏறியோ இறங்கியோ தேடுங்கள். இப்படித் தேடிக்கொண்டிருக்கும்போது தன்னைத் திட்டிக்கொள்ள நேரம் இருக்காது.

அடுத்தது, தப்புக்குச் சரியான பெயர் வைப்பது. “கேவலமாகப் பாடினேன்” என்பதை வைத்துக்கொண்டு எதையும் திருத்த முடியாது. “ரிஷபம் (ரி) ஏறிவிட்டது” என்றால் திருத்தலாம். சரளி வரிசை பாடுகிற மாயாமாளவகௌளை ராகத்தில் ரிஷபம் ஷட்ஜத்துக்கு ஒட்டி இருக்கும், காந்தாரமோ (க) அங்கிருந்து நல்ல தூரத்தில். அந்தத் தூரத்தை நினைத்தே ரிஷபத்தை மேலே தள்ளிவிடுவோம், ஆரம்பத்தில் இது சகஜம். வரிசையை நிறுத்திவிட்டு ‘ச ரி ச, ச ரி ச’ என்று முதல் காலத்திலேயே, அதாவது மெதுவான வேகத்திலேயே, பொறுமையாகப் பாடுங்கள். பஞ்சமத்தை (ப) ஒட்டிய தைவதத்துக்கும் (த) இதே வைத்தியம்தான். மூன்றாம் காலத்துக்கு அவசரமே வேண்டாம்.

ரெக்கார்ட் செய்வது நல்லது, ஆனால் பாடிய கையோடு கேட்காதீர்கள். மறுநாள் கேளுங்கள். குரல் மெலிந்து, யாரோ மாதிரி இருக்கும். நாம் பாடும்போது நம் குரல் மண்டை எலும்பு வழியாகவும் உள்காதுக்குப் போவதால் கனமாகக் கேட்கிறது, போனில் அந்தக் கனம் வராது. அது எல்லோருக்கும் அப்படித்தான். நோட்டில் எந்த ஸ்வரம், எந்த இடம் என்று மட்டும் எழுதுங்கள், வேறு ஒரு வார்த்தை கூடாது.

வீட்டில் யாராவது “எங்கே, ஒரு சினிமா பாட்டு பாடு பார்ப்போம்” என்பார்கள். கீதம் (வரிசைகளுக்கு அப்புறம் வருகிற சின்னப் பாட்டு) வந்ததும் பாடுகிறேன் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுங்கள். டிவியில் பாடுகிற குழந்தைகளோடு ஒப்பிடவும் ஆரம்பிப்பார்கள், அதற்குப் பதிலே சொல்ல வேண்டாம். குரு “இன்னொரு தரம்” என்றால் இன்னொரு தரம் பாட வேண்டும், அவ்வளவுதான். அதில் வேறு உள்ளர்த்தம் தேடாதீர்கள்.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மனப்பயம் என்று தள்ளிவிடக் கூடாது. பாடும்போது தொண்டை வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். கரகரப்பு இரண்டு மூன்று வாரமாகப் போகவில்லையென்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், அதுவரை சாதகம் (பாட்டுப் பயிற்சி) வேண்டாம்.